நீலமலைக்கு வழி வகுத்த ஜான் சல்லிவன்

வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்டு வாழ்ந்த தமிழ் மக்களுக்கு மலை புதியதன்று. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயரிட்டு, அந்நிலத்திற்கென ஒரு தெய்வத்தையும் ஒழுக்கத்தையும் வகுத்துத் தந்தவர்கள் நம் முன்னோர்கள். ஆயினும், நாம் மலையேறியது பெரும்பாலும் வழிபாட்டிற்காகவே. தேன் எடுக்கவும் தினை விதைக்கவும் அங்கே குறவர் இருந்தனர். திருவடி தொழ அடியார் சென்றனர். வெயிலுக்கு அஞ்சிக் குளிரை நாடி மலையேறுவதும், ஏரியில் படகு விடுவதும், பனி மூடிய புல்வெளியைக் காண்பதற்கென்றே வண்டி ஏறுவதும் சென்ற இருநூறு ஆண்டுகளுக்குள் நம்மிடையே வந்த வழக்கங்கள். அவ்வழக்கம் தென்னாட்டில் வேர்கொள்ளக் காரணமாக இருந்தவர் வரலாற்றை, இவ்வாண்டு விழா மலரில் அன்பர்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகின்றோம்.

இதற்கு நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. மார்கழி விடுமுறையில் நம் அன்பர் சிலருடன் குடும்பத்தோடு ஹார்ஸ்லி குன்றுக்குச் சென்றிருந்தோம். முன்னாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகில், ஏறத்தாழ 4,150 அடி உயரத்தில் உள்ளது அக்குன்று. விடியற்காலையில் மூடுபனி இறங்கி, எதிரே நிற்கும் மரமும் புலப்படாதபடி மறைத்துவிட்டது. பெரியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையை விட்டு அகலவில்லை. சிறுவர்களோ வாயிலிருந்து புகைபோல் வரும் மூச்சை ஊதி ஊதிக் களித்தனர். கடப்பைக் கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் 1870ஆம் ஆண்டு வாக்கில் தமக்கு அங்கே கோடை மாளிகை அமைத்துக் கொண்டதால் அப்பெயர் வழங்குகிறது என்று நாம் விளக்கினோம். அப்போது நம்முடன் வந்த சிறுமி ஒருத்தி, அதற்கு முன் இந்தக் குன்றுக்குப் பெயரே இல்லையா என்று கேட்டுவிட்டாள்.

பெயர் இருந்தது. ஏனுகு மல்லம்ம கொண்ட என்பது அது. மல்லம்மா என்னும் குழந்தைக்கு யானைகளே உணவு கொணர்ந்து ஊட்டி வளர்த்தன என்றும், அவள் அம்மலையில் வாழ்ந்த செஞ்சு மக்களின் நோய் தீர்த்து வந்து ஒருநாள் மறைந்தாள் என்றும் அவ்வூரார் கூறுவர். அவளுக்கு அங்கே கோயிலும் உண்டு. ஆனால் வெளியூரிலிருந்து வருவோர் வாயில் நிற்பது கலெக்டர் பெயரே. அச்சிறுமியின் வினா நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஒரு மலையைக் கண்டறிந்தவர் என்று நாம் எவரைச் சொல்கிறோம்? அங்கே முன்னரே வாழ்ந்தவர்கள் அம்மலையைக் காணாமலா இருந்தார்கள்? இவ்வினாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சல்லிவனின் வாழ்க்கை நமக்கு நன்கு விளங்கும்.

சல்லிவன் 1788ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் உத்தியோகம் பெறுவது ஆங்கிலேய இளைஞர்க்குப் பெரும் பேறு. பதினைந்து வயதுப் பருவத்திலேயே எழுத்தர் பதவிபெற்றுச் சென்னை இராஜதானிக்கு அவர் வந்து சேர்ந்தார். அரசாங்கக் கணக்கையும் நிலவரி முறையையும் கற்றுப் படிப்படியாக உயர்ந்து, 1815ஆம் ஆண்டில் கோயம்புத்தூரின் கலெக்டரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

கோயம்புத்தூருக்கு வடமேற்கே நீலநிறச் சுவர்போல் எழுந்து நிற்கும் மலைத்தொடர் அவர் கண்முன் எந்நாளும் இருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அது கம்பெனியார் ஆட்சிக்குட்பட்டதாயினும், மேலே என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அறியார். 1603ஆம் ஆண்டிலேயே பெனிசியோ என்னும் கிறித்தவத் துறவியார் மலையாளக் கரையிலிருந்து ஏறிச் சென்று திரும்பியிருந்தார். 1812இல் கீஸ், மக்மகன் என்னும் நில அளவையாளர் இருவர் மலைப்பகுதியில் சிறிது தூரம் சென்று வந்தனர். எனினும் அவர்கள் அறிக்கை எவர் கருத்தையும் கவரவில்லை. 1818இல் சல்லிவனின் கீழிருந்த விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இளம் அதிகாரிகள் இருவர் கோத்தகிரிப் பக்கம் ஏறினர். கீழே அனற்காற்று வீசும்போது மேலே போர்வை தேடும் குளிர் நிலவுகிறது என்றும், புல் போர்த்த மேடுகளும் தெளிந்த ஓடைகளும் காணக் கிடைக்கின்றன என்றும் அவர்கள் வந்து சொன்னார்கள்.

சல்லிவன் வாளாவிருக்கவில்லை. 1819ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு தாமே புறப்பட்டார். பாதை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி ஏறவேண்டியிருந்தது. அடர்ந்த காட்டில் யானையும் புலியும் உலவின. மேலும், அடிவாரத்துக் காட்டுக் காய்ச்சல் கொடிய விலங்கினும் அஞ்சத்தக்கது. உடன் சென்றோரில் சிலர் உயிரிழந்தனர் என்று வரலாறு கூறுகிறது. ஆறு நாள் அல்லற்பட்டபின் சல்லிவன் மேட்டு நிலத்தை அடைந்தார். கலெக்டர் பெயரை நூல்கள் போற்றுகின்றன. அவர் சுமையைத் தூக்கி ஏறி மாண்டவர்களின் பெயரை எழுதி வைத்தாரில்லை. மலைநகரங்களின் வரலாற்றில் இக்குறை எங்கும் உள்ளது.

அன்று அவர் கண்ட நாடு ஆளற்ற வெளியன்று. எருமை மந்தைகளைத் தெய்வமெனப் பேணிய தோடர்கள் பீப்பாய்போல் வளைந்த கூரையுடைய குடில்களில், மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழ்ந்தனர். படகர்கள் உழுது பயிரிட்டனர். கோத்தர்கள் இரும்படித்து, மட்பாண்டம் வனைந்து, இசைக்கருவி முழக்கினர். இருளரும் குறும்பரும் காட்டுச் சரிவுகளில் இருந்தனர். ஒருவர் விளைத்ததை மற்றவர்க்கு ஈந்து பண்டமாற்றில் நடந்துவந்த வாழ்வு அது.

அவ்வாண்டிலேயே சல்லிவன் கோத்தகிரிக்கு அருகில் டிம்பட்டிப் பகுதியில், கன்னேரிமுக்கு என்னும் சிற்றூரில் ஒரு மாளிகை கட்டினார். நீலகிரியில் ஐரோப்பியர் அமைத்த முதல் இல்லம் அதுவே. பிற்காலத்தில் பாழடைந்து கிடந்த அக்கட்டடம் செப்பம் செய்யப்பெற்று, இன்று சல்லிவன் நினைவகமாக விளங்குகின்றது. பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞர் லெஷனோ என்பவர் சமவெளியில் நோயுற்று நலிந்து 1819இல் அங்கே சென்று நலம்பெற்றார். அது கேட்டோர்க்கு நீலகிரிக் காற்றின்மேல் நம்பிக்கை பிறந்தது. சிறுமுகையிலிருந்து டிம்பட்டிக்குப் பாதை அமைக்க அரசின் இசைவைப் பெற்றார் சல்லிவன். 1823இல் அப்பாதை முடிவுற்றது. குதிரையும் சுமைமாடும் ஏறத்தக்க முதல் வழி அதுதான்.

1820இல் சல்லிவன் ஹென்றியெட்டா என்னும் மங்கையை மணந்தார். தோடர்களின் மந்து ஒன்று இருந்த மேற்குப் பள்ளத்தாக்கை அடைந்து, அதன் எழிலில் உள்ளம் பறிகொடுத்து, 1822இல் அங்கே ஓர் இல்லம் எழுப்பத் தொடங்கினார். தோடரிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் நிலம் வாங்கினார் என்பர். கல்லால் கட்டிய வீடு அப்பகுதி மக்களுக்குப் புதுமையாதலின் அது கல் பங்களா எனப் பெயர் பெற்றது. அம்மந்தின் பெயரே ஆங்கிலேயர் நாவில் திரிந்து, பின்னர் உதகமண்டலம் என நாம் வழங்கும் பெயராயிற்று. அவ்வில்லம் இன்று அரசு கலைக்கல்லூரியின் பகுதியாக உள்ளது. கலெக்டர் தம் மனைவியோடு சென்று குடியேறிய மனையில் மலைநாட்டு மாணவர் கல்வி பயிலுகின்றனர் என்பது மகிழத்தக்கது.

வீடு கட்டியதோடு அவர் நின்றாரில்லை. உருளைக்கிழங்கு, வாற்கோதுமை, ஐரோப்பியக் காய்கறிகள், பழமரங்கள் ஆகியவற்றைத் தருவித்துப் பயிரிட்டுப் பார்த்தார். சித்தூர்ச் சந்தையிலும் திருப்பதிக் கடைவீதியிலும் ஊட்டி உருளைக்கிழங்கு என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அதன் தொடக்கத்தில் சல்லிவன் கை இருக்கிறது. 1823 முதல் 1825 வரையில் ஓடைகளை மறித்து அணைகட்டி ஓர் ஏரியை உண்டாக்கினார். பாசனத்திற்கெனக் கருதிய அந்நீர்நிலை நாளடைவில் உல்லாசப் படகு ஏரியாக மாறியது. கரை உடைந்து நீர் வடிந்த காலங்களும் உண்டு. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் அமைந்த இடம் ஒருகாலத்தில் அவ்வேரியின் பகுதியே என்றால், அதன் பழைய பரப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1826ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ உதகைக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார். திருப்பதி வாழ் அன்பர்களுக்கு மன்றோவின் பெயரை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருமலையில் நைவேத்தியத்தின்போது மன்றோ கங்காளம் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. கடப்பை முதலிய மாவட்டங்களில் முன்பு பணியாற்றி, குடிகளின் அன்புக்குரியவராக விளங்கிய அப்பெரியார், சல்லிவனின் மலைநாட்டையும் கண்டு மகிழ்ந்தார். மறு ஆண்டிலேயே அவர் கர்நூல்ப் பகுதியைச் சேர்ந்த பத்திகொண்டாவில் வாந்திபேதிக்கு இரையானது பெருந்துயரம்.

அடுத்துக் கவர்னராக வந்த லஷிங்டன் காலத்தில் உதகை விரைந்து வளர்ந்தது. நோயுற்ற படைவீரர்க்கு நலவிடுதியாக அதனை ஆக்க அவர் முனைந்தார். திப்புவின் சீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து மரங்களைக் கொணர்ந்து புனித ஸ்தேவான் ஆலயம் எழுப்பப்பட்டது. 1829இல் அடிக்கல் நாட்டி மறு ஆண்டில் அது நிறைவுற்றது. ஆனால் இவ்வளர்ச்சியே சல்லிவனுக்கு இடரும் ஆயிற்று. ஊரின் ஆட்சி அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டு, மேஜர் கெல்சோ என்னும் படைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1830இல் நீலகிரியின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலையாள மாவட்டத்தோடு சேர்த்துவிட்டனர்.

பதவிப் பூசல் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. அடிப்படையில் இருந்தது நில உரிமை பற்றிய வழக்கு. மலையிலுள்ள நிலமெல்லாம் அரசாங்கத்தின் உடைமை, வேண்டியவாறு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. தோடர்கள் வழிவழியாக ஆண்டு அனுபவித்த நிலம் அவர்களுக்கே உரியது, அவர்கள் இசைவின்றியும் ஈடு கொடாமலும் எடுத்தல் தகாது என்பது சல்லிவனின் கட்சி. எழுதப் படிக்க அறியாத, பத்திரமோ பட்டாவோ கையில் இல்லாத மக்களுக்காகத் தம் மேலதிகாரிகளை எதிர்த்து அவர் ஓயாது வாதாடினார்.

ஈண்டு உண்மையை மறைத்தல் முறையன்று. சல்லிவன் தாமும் அம்மலையில் பரந்த நிலத்திற்கு உடையவராக இருந்தார். தாம் வாங்கிய நிலத்தின் உரிமை நிலைக்கவேண்டுமானால், விற்ற தோடர்க்கு உரிமை இருந்ததாக வேண்டும் அல்லவா என்று அவரைக் குறை கூறியோர் அந்நாளிலேயே இருந்தனர். ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது நியாய விலையா என்ற வினாவும் எழத்தான் செய்யும். தன்னலம் சிறிதும் கலவாத தொண்டு என்று நாம் சான்றிதழ் வழங்க முற்படவில்லை. ஆயினும், ஈடே கொடுக்க வேண்டியதில்லை என்று வலியோர் எண்ணிய காலத்தில், இது பிறர் நிலம் என்று ஏட்டில் எழுதி வைத்த அதிகாரி அவர். வழிகாட்டியவரும் அவரே, அவ்வழியே வந்த கூட்டம் தோடரின் புல்வெளியை விழுங்குவதைக் கண்டு தடுக்க முயன்றவரும் அவரே. இந்த முரண்பாடுதான் அவர் வாழ்வின் சுமை.

1830இல் கோயம்புத்தூர்ப் பணி முடிந்து தாயகம் சென்ற சல்லிவன், சில ஆண்டுகளுக்குப்பின் சென்னையில் ரெவினியூ போர்டிலும் கவர்னரின் ஆலோசனைச் சபையிலும் உயர்பதவி ஏற்றுத் திரும்பினார். மீண்டும் உதகையில் குடும்பத்தோடு வாழும் வாய்ப்பும் கிட்டியது. ஆனால் ஊழ் வேறு நினைத்தது. நோயாளிகளுக்கு நலம் தரும் மலையென்று எவர் உலகுக்குப் பறைசாற்றினாரோ, அவருடைய அன்பு மனைவியையும் மூத்த மகளையும் 1838ஆம் ஆண்டில் அம்மலையிலேயே சாவு கொண்டுபோயிற்று. புனித ஸ்தேவான் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவ்விருவரும் அடக்கம் செய்யப்பெற்றனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1841இல், எஞ்சிய மக்களை அழைத்துக்கொண்டு சல்லிவன் இந்தியாவை விட்டுச் சென்றார். இளமைமுதல் உழைத்த நாட்டில் அவர் விட்டுச் சென்றவை ஓர் ஏரியும், ஒரு கல் வீடும், இரண்டு கல்லறைகளும்.

ஓய்வு பெற்றபின் பலரும் தோட்டமும் பென்ஷனுமாகக் காலம் கழித்தனர். சல்லிவனோ இந்தியர் பொருட்டு எழுதினார், பேசினார். இந்நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கு வடிந்து செல்வதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். உயர்பதவிகளில் இந்தியர்க்குப் பங்கு வேண்டும் என்றார். உடன்படிக்கைகளை மீறிச் சுதேச அரசுகளைக் கவர்ந்து கொள்ளும் கொள்கையைக் கண்டித்து 1853இல் நூல் வெளியிட்டார். 1857ஆம் ஆண்டின் கொந்தளிப்புக்கு முன்னரே இவ்வாறு எச்சரித்த ஆங்கிலேயர் மிகச் சிலரே. அக்கொந்தளிப்பைக் காண அவர் உயிரோடு இல்லை. 1855ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அவர் மறைந்தார். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் துயிலும் அப்டன் புனித லாரன்சு ஆலயத்தின் வளாகத்திலேயே சல்லிவனும் அடக்கம் செய்யப்பெற்றார். நெடுங்காலம் எவரும் நினையாது கிடந்த அக்கல்லறையை, நீலகிரி வரலாற்றில் ஈடுபாடு கொண்ட நம் நாட்டார் இந்நூற்றாண்டில் தேடிக் கண்டனர்.

அவர் வகுத்த வழியில் பின்னர் வந்தவை பல. 1848இல் தாவரவியற் பூங்கா தோன்றியது. உதகை, சென்னை அரசின் கோடைக்காலத் தலைநகராயிற்று. வென்லாக் புல்வெளியில் குதிரையேறி நரி வேட்டையாடும் ஆங்கிலேய விளையாட்டு நடந்தது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880களில் உதகைக் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் பற்சக்கர இரயில் ஏறியது. 2005இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் கார்வால் மலையின் ஔலியிலும் ஆள் உயரத்திற்குப் பனி பெய்து, மக்கள் காலில் பலகை கட்டிச் சறுக்கி விளையாடுகின்றனர். சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ் போன்ற ஊர்கள் குளிர்கால விளையாட்டாலேயே உலகப் புகழ் பெற்றன. நம் தென்னாட்டில் அத்தகைய பனிமழை இல்லை. ஆயினும் மார்கழி, தை மாதங்களில் உதகையின் பள்ளத்தாக்குகளில் வெப்பம் உறைநிலைக்கு இறங்கும். விடியலில் புல்நுனியெல்லாம் வெள்ளி பூத்தாற்போல் உறைபனி படியும். நிறுத்தி வைத்த வண்டியின் கூரையில் உப்பைத் தூவியது போலிருக்கும். சிறுவர்கள் அதனை விரலால் சுரண்டி உருட்டுவர். கதிரவன் எழுந்து ஒரு நாழிகைக்குள் யாவும் மறைந்துவிடும். நமக்கு வாய்த்த பனி விளையாட்டு அவ்வளவே. காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்க்கோ அப்பனி கருகலும் கவலையுமாகும்.

ஒருபுறம் இந்த எழில் வளர, மறுபுறம் தோடரின் புல்வெளிகள் குறைந்தன. தைலமரமும் சீகை மரமும் தேயிலையும் அவ்விடங்களைப் பற்றிக்கொண்டன. எருமைகள் மேய இடம் சுருங்கியது. சல்லிவன் அஞ்சியது நடந்தேறியது. இன்று உதகைக்குச் செல்வோர் ஏரியைக் காண்கின்றனர், மலர்க்காட்சியைக் காண்கின்றனர். அவ்வூருக்குப் பெயர் தந்த மந்தினை நினைப்பவர் சிலரே.

நாமும் பிறந்த ஊரைவிட்டு வந்து பிழைப்போர். சித்தூரும் திருப்பதியும் நமக்கு வாழ்வளித்தன. தெலுங்கு மக்கள் நம்மை அண்டை வீட்டாராக ஏற்றுக்கொண்டனர். வந்த இடத்தில் பயன்தரும் செயல்களைச் செய்வதும், முன்னரே அங்கு வாழ்ந்தவர்களின் உரிமையையும் பெயரையும் மறவாதிருப்பதும் குடியேறுவோர் கடமை. முதற்கடமையை நிறைவாகவும், இரண்டாவதைத் தம்மால் இயன்ற அளவும் செய்தவர் சல்லிவன். அதனால்தான் அவரை நன்றியோடும், அதே வேளையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் நினைக்கின்றோம்.

அடுத்த முறை ஹார்ஸ்லி குன்றுக்குச் செல்லும்போது, கலெக்டர் மாளிகையைப் பார்ப்பதற்கு முன் மல்லம்மாவின் கோயில் வாயிலில் சற்று நிற்பதென அச்சிறுமியிடம் வாக்களித்திருக்கிறோம். அன்பர்களும் உடன் வருக.